ஆசியக் கோப்பைக்கு முன்: இருபத்து மூன்று பெயர்கள்

ஜனவரி 11, 2022, செவ்வாய்

அணி அறிவித்துவிட்டார்கள். மகளிர் ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கான இந்திய அணி, 23 பேர். முதலில் நம் ஊர்ப் பெயர்களைத்தான் கண் தேடியது: சௌமியா நாராயணசாமி, கார்த்திகா அங்கமுத்து, இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன். ஐந்து பேர்! இதைவிட அதிகம் பேரை அனுப்பியிருப்பது மணிப்பூர் மட்டும்தான்.

20ஆம் தேதி ஆட்டம் தொடங்குகிறது. நவி மும்பை, மும்பை, புனே என்று மூன்று இடங்கள். முதல்முறையாக 12 நாடுகள். 2003க்குப் பிறகு இந்தியா இந்தப் போட்டியில் ஆடவே இல்லை. இந்த முறை போட்டியை நடத்தும் நாடு என்பதால் இடம் கிடைத்திருக்கிறது. வர்ணனையாளர் ஒரு பெயரைச் சொல்லும்போது அந்த முகமும் ஆட்டமும் எனக்கு உடனே நினைவுக்கு வர வேண்டும். அதற்காகவே இந்தக் குறிப்புகள். 23 பேரையும் எழுதி முடிக்க முடியாது, முடிந்தவரை.

பட்டியலில் பாலா தேவி இல்லை. 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்குப் போய் ஆடியவர், இந்தியாவுக்காகக் கோல் மழை பொழிந்தவர், முழங்கால் காயத்தால் வெளியே இருக்கிறார். அந்த இடத்தை யார் நிரப்புவது என்பதுதான் இந்த அணியின் முதல் கேள்வி.

ஜனவரி 12, புதன்

அந்தக் கேள்விக்கு என் பதில், மனிஷா கல்யாண்.

பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துப் பெண். வயது 20. கடந்த நவம்பரில் பிரேசிலின் மனாவ்ஸ் நகரில் நடந்த ஆட்டத்தை இன்று மறுபடியும் பார்த்தேன். பிரேசிலின் மூத்த வீராங்கனை ஃபொர்மிகா, தன் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் போட்டது. இனி ஆட்டம் முழுக்க அடிதான் என்று யாருக்கும் தோன்றும். எட்டாவது நிமிடத்தில் மனிஷா கோலுக்கு முன்னுள்ள கட்டமான பாக்ஸுக்குள் ஓடி அடித்த பந்து வலைக்குள் விழுந்தது. 1-1.

கடைசியில் 6-1 என்று தோற்றோம். ஆனாலும் அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எதிரே நிற்பது பிரேசில் என்ற தயக்கம் கால்களில் துளியும் இல்லை. அதே நவம்பரில் ஜோர்டானில் நடந்த ஆசிய மகளிர் கிளப் போட்டியிலும் கோகுலம் கேரளா அணிக்காக உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோருக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அந்தப் போட்டியில் ஓர் இந்திய வீராங்கனை போட்ட முதல் கோல் அது.

ஜனவரி 14, வெள்ளி (பொங்கல்)

வீட்டில் பொங்கல் வேலை முடிந்த பிறகு அக்கா மகள் வந்து உட்கார்ந்தாள். பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடுகிறவள். "மாமா, இந்துமதி அக்கா போலீஸாமே?" என்றாள்.

ஆமாம், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கடலூர்க்காரர். 2020 ஊரடங்கின்போது நாடெங்கும் விளையாட்டு நின்று கிடந்தது. இந்துமதி சென்னை அண்ணா நகரில் காக்கிச் சட்டையில் சாலையில் நின்று பணி செய்தார். களத்தில் அவர் வேலை நடுவில் பந்தைப் பிடித்து வைத்து, நேரம் பார்த்து முன்னே தள்ளுவது. தொலைவிலிருந்து ஓங்கி அடிக்கவும் தயங்கமாட்டார். 2018இல் தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இருந்தவர். இறுதியில் மணிப்பூரை 2-1 என்று வென்ற ஆட்டம் அது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆடுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

சந்தியாவும் கடலூர் மாவட்டம்தான். அங்கே அரசு விடுதியில் தங்கிப் படித்தபோது பந்தைத் தொட்டவர். பயிற்சியாளர் மாரியப்பன் அந்தப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துவந்து அணியாக்கினார். சென்னையில் பெரிய அரங்குகள் இருக்க, இந்தியாவுக்கு வீராங்கனைகளைத் தருவது கடலூர். இதை நாம் இன்னும் சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் மனக்குறை. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோது முன்களத்தில் ஓடியவர்களில் சந்தியாவும் ஒருவர்.

மும்பையில் இருவரும் சேர்ந்து களத்தில் நிற்பதைப் பார்க்க ஆசை.

ஜனவரி 16, ஞாயிறு

கொரோனாவால் முழு ஊரடங்கு. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. இன்று தடுப்பாட்டக்காரர்கள்.

தலைவி ஆஷாலதா தேவி, இம்பாலைச் சேர்ந்தவர், வயது 28. ஸ்டாப்பர், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். அவர் ஆட்டத்தைப் பார்க்க ஒரு பழக்கம் வேண்டும். பந்தைப் பார்க்காமல் அவரையே பத்து நிமிடம் பார்க்க வேண்டும். எதிரணி பந்தை அனுப்புவதற்கு முன்பே, அது வந்து சேரும் இடத்துக்கு நகர்ந்திருப்பார். விழுந்து புரண்டு பந்தைத் தட்டும் அவசியம் அவருக்கு அதிகம் வருவதில்லை.

பின்னால் கோல்கீப்பர் அதிதி சௌஹான். இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், வெஸ்ட் ஹாம் மகளிர் அணியின் கோலைக் காத்தவர். இந்தியாவிலிருந்து போய் அங்கே லீக் ஆடிய முதல் பெண். அவருக்குப் பின் வரிசையில் நம் சௌமியா காத்திருக்கிறார். பெஞ்சில் உட்காரும் கோல்கீப்பரின் பொறுமை பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஜனவரி 18, செவ்வாய்

சுருக்கமாக. டாலிமா சிப்பர், ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்), கனடாவில் படித்துக்கொண்டே ஆடியவர். 2019 தெற்காசியக் கோப்பை இறுதியில் நேபாளத்துக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டார். பாக்ஸுக்கு வெளியே ஃப்ரீ கிக் கிடைத்தால் அவரைக் கவனியுங்கள். கிரேஸ் டாங்மெய், மணிப்பூரின் சுராசாந்த்பூர் மாவட்டம், களத்தின் ஓரமான விங்கில் மின்னல். பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி 2011 உலகக் கோப்பையில் சுவீடனுக்கு மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தவர்.

கணக்கு இது. நம் பிரிவில் சீனா, சீன தைபே (தைவான்), ஈரான். முதல் இரண்டு அணிகளுக்குக் காலிறுதி நிச்சயம். மூன்றாம் இடத்துக்கும் வாய்ப்பு உண்டு. காலிறுதியில் ஒரே ஒரு வெற்றி, 2023 உலகக் கோப்பைக்குக் கதவு திறந்துவிடும். சீனா நமக்கு எட்டாத உயரம். ஆனால் சீன தைபேயை அக்டோபரில் பஹ்ரைனில் 1-0 என்று வென்றிருக்கிறோம். தரவரிசையில் நாம் 55, ஈரான் 70. இதைக் கனவு என்று ஒதுக்கத் தேவையில்லை, நடக்கக்கூடியதுதான்.

ஜனவரி 20, வியாழன், இரவு

இந்தியா 0, ஈரான் 0.

ஆட்டத்துக்கு முன்பே, இரண்டு வீராங்கனைகளுக்குக் கொரோனா தொற்று, தனிமையில் இருக்கிறார்கள் என்று செய்தி. மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் நம்மிடம்தான். ஈரானுக்கு இது முதல் ஆசியக் கோப்பை. ஆனாலும் ஒழுங்காகக் கட்டுக்கோப்போடு நின்றார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் ஸோஹ்ரே கூதாயியைத் தாண்டிப் பந்து போகவில்லை. ஆளில்லாத நவி மும்பை டி.ஒய். பாட்டீல் அரங்கில் வீராங்கனைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரல் கேட்டது. அந்தக் குரல்கள் யார் யாருடையவை என்று எனக்கு இப்போது ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இரண்டு புள்ளிகளை விட்டுவிட்டோம். ஞாயிறு சீன தைபேயை வென்றே ஆக வேண்டும்.

ஜனவரி 23, ஞாயிறு

இன்றும் இங்கே முழு ஊரடங்கு. ஏழரை மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கே உட்கார்ந்தோம்.

ஆட்டம் நடக்கவில்லை. அணியில் 12 பேருக்குத் தொற்று என்கிறார்கள். களமிறங்கக் குறைந்தது 13 பேர் கொண்ட பட்டியல் கொடுக்க வேண்டும் என்பது விதி. நம்மால் கொடுக்க முடியவில்லை. அக்கா மகள், "அப்ப நாளைக்கு வைப்பாங்களா மாமா?" என்று கேட்டாள். விதியில் அதற்கு இடமில்லை என்று சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எத்தனை மாத முகாம், எத்தனை வெளிநாட்டு ஆட்டங்கள். தோற்று வெளியேறினால்கூட ஆற்றிக்கொள்ளலாம். ஆடாமல் வெளியேறுவதை எப்படி ஆற்றிக்கொள்வது?

ஜனவரி 24, திங்கள்

இந்தியா விலகியதாக அறிவித்துவிட்டார்கள். ஈரானோடு ஆடிய ஆட்டமும் ரத்து. பிரிவில் இனி மூன்று அணிகள்தான். அந்தத் தொண்ணூறு நிமிடங்களில் அதிதி கோல் விடாமல் காத்தது புள்ளிப் பட்டியலில் இருக்காது.

அடுத்த ஆசியக் கோப்பை நான்கு ஆண்டுகள் கழித்து. ஆஷாலதாவுக்கு அப்போது 32 வயது. மனிஷாவுக்கு 24. இந்த அணியின் 16 வயது ஹேமம் ஷில்கி தேவிக்கு 20. இந்த முறை இடம் தானாக வந்தது; அடுத்த முறை தகுதிச் சுற்றில் வென்றுதான் வர வேண்டும்.

கார்த்திகா, மாரியம்மாள் இருவரையும் பற்றி இன்னும் எழுதவில்லை. போட்டி போய்விட்டது என்று குறிப்புகளை நிறுத்தப்போவதில்லை. புதன்கிழமை மாரியம்மாள், அதன் பிறகு கார்த்திகா.