தெரசா டெங்: ஒலிநாடாவில் கடல் கடந்த குரல்

சிங்கப்பூரில் குடியிருந்தும் மாண்டரின் கற்றுக்கொள்ளாதவர்களில் நானும் ஒருவன். ஆனால் அம்மொழியில் பாடிய ஒருவரை மட்டும் பல ஆண்டுகளாக விடாமல் கேட்டு வருகிறேன். சீனர்கள் டெங் லிஜுன் என்றும் பிறர் தெரசா டெங் என்றும் குறிப்பிடும் அந்தப் பாடகியின் பாடல்களில் பெரும்பாலானவை காதலையும் பிரிவையும் தவிர வேறெதையும் பேசுவதில்லை. ஆயினும் தைவான் நீரிணையின் இருபுறத்துச் சீன, தைவான் அரசுகளும் அவரது குரலை அரசியலாகவே கேட்டன என்பதுதான் அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்று, 1949ஐ ஒட்டித் தைவானுக்கு வந்து சேர்ந்த தேசியவாதப் படையில் அவருடைய தந்தை பணியாற்றினார். யூன்லின் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1953 ஜனவரி 29 அன்று பிறந்த தெரசா, ஐந்து பிள்ளைகளில் ஒரே பெண். ராணுவக் குடும்பங்களுக்கான குடியிருப்புகளில் வளர்ந்தவர். 1964இல் வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் பரிசு பெற்றபோது அவருக்குப் பதினொரு வயது. பிறகு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு முழுநேரப் பாடகியானார். முதல் இசைத்தட்டு 1967இல் வெளிவந்தது.

1974இல் ஜப்பானுக்குச் சென்று, அந்த ஆண்டே அங்கு சிறந்த புதுமுகப் பாடகர் விருதுகளில் ஒன்றைப் பெற்றார். 1972 முதல் ஜப்பானுக்கும் தைவானுக்கும் தூதரக உறவு இல்லாத நிலையில், தைவான் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு பயணம் செய்வது எளிதாக இல்லை. 1979இல் அவர் இந்தோனேசியக் கடவுச்சீட்டுடன் ஜப்பானுக்குள் நுழைந்தது கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்; ஓராண்டுக் காலம் அந்நாட்டுக்குள் வரவும் தடை விதிக்கப்பட்டது. வேறொருவராக இருந்திருந்தால் அத்தோடு ஜப்பானிய வாழ்வு முடிந்திருக்கும். அவரோ மீண்டும் போய், 1984 முதல் 1986 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஜப்பானின் கேபிள் ஒலிபரப்பு விருதுகளில் முதற்பரிசை வென்றார்.

ஆனால் அவரது உண்மையான வரலாறு அவர் ஒருமுறைகூட மேடையேறாத நாட்டில்தான் நிகழ்ந்தது. பண்பாட்டுப் புரட்சி முடிந்திருந்த எழுபதுகளின் இறுதியில், ஹாங்காங்கிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த ஒலிநாடாக்கள் வழியாக அவரது பாடல்கள் சீனாவுக்குள் நுழைந்தன. ஒரு நாடாவிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று பிரதியெடுத்து, சொற்கள் தேய்ந்து இரைச்சல் மிகுந்த பிறகும் மக்கள் கேட்டார்கள். அதுவரை அவர்கள் கேட்டுப் பழகியவை பெரும்பாலும் கூட்டுக்குரல் முழங்கும் அணிவகுப்புப் பாட்டுகள். இந்தக் குரலோ காதருகே ஒருவருக்கு மட்டும் பாடுவதுபோல் இருந்தது. பகலில் நாட்டின் தலைவரான பெரியவர் டெங் சியாவோபிங்கையும் இரவில் அதே குடும்பப் பெயர் கொண்ட சின்ன டெங்கையும் கேட்கிறோம் என்ற கேலிப் பேச்சு அப்போது பிறந்ததுதான்.

அதிகாரிகள் இதைச் சீரழிவு இசை என்றார்கள். அவர்களை உறுத்தியது பாடலின் பொருள் மட்டுமன்று, பாடும் முறையும்தான் என்பதற்கு லி குயி என்ற சீனப் பாடகியின் அனுபவமே போதும். அவர் பாடி 1979 இறுதியில் ஒளிபரப்பான ஊர் நினைவுப் பாடலொன்றில் மூச்சைக் கலந்து குரலைத் தணித்துப் பாடியிருந்தார். அதற்காகவே பத்திரிகைகளில் கடுமையாகத் தாக்கப்பட்டார். நேயர்கள் விடாமல் கேட்டதால், 1983 வசந்த விழா நிகழ்ச்சியில் அதே பாடலைச் சீனத் தொலைக்காட்சி அவரையே பாடவைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், மேற்கத்தியப் பண்பாட்டுத் தாக்கங்களைச் சாடிச் சீன அரசு நடத்திய ஆன்மிக மாசுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது வேறு கதை.

எதிர்க்கரையில் தைவான் ராணுவமும் சும்மா இருக்கவில்லை. சியாமென் நகரத்தை நோக்கி நிற்கும் சின்மென் தீவில் 48 ஒலிபெருக்கிகள் பதித்த கோபுரம் ஒன்று உண்டு; பிரச்சாரத்துக்காகக் கட்டப்பட்ட அதிலிருந்து அவரது குரலும் கடலைக் கடந்தது. ராணுவக் குடும்பத்துப் பெண்ணான அவர் வீரர்களுக்காக விரும்பியே பாடினார். அவரை வெறும் கருவியாகக் காட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. 1989 மே 27 அன்று, பெய்ஜிங்கின் தியானென்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கோரிப் போராடிய மாணவர்களுக்கு ஆதரவாக ஹாங்காங்கில் நடந்த இசைநிகழ்ச்சியில் அவராகவே மேடையேறி, மலைக்கு அப்பாலுள்ள வீட்டை நினைத்து ஏங்கும் பாடலைப் பாடினார். சில நாட்களில் பெய்ஜிங்கில் துப்பாக்கிகள் வெடித்தன. பெற்றோர் பிறந்த மண்ணில் பாடும் வாய்ப்பு அதன்பின் அவருக்குக் கிட்டவேயில்லை.

அவரைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு, 'நிலவே என் நெஞ்சம்' என்ற பொருளில் அமைந்த புகழ்பெற்ற பாடலைக் காட்டிலும் 1983இல் வந்த இசைத்தொகுப்பையே பரிந்துரைப்பேன். பழஞ்சீனக் கவிதைகள் 12ஐ எடுத்து, இக்கால இசையமைப்பாளர்களைக் கொண்டு மெட்டமைத்துப் பாடியிருக்கிறார். சங்கப் பாட்டை மெல்லிசையில் போட்டால் எழும் தயக்கம் எனக்கு முதலில் இருந்தது. சூ ஷி என்ற கவிஞர் 1076இல், நெடுங்காலமாகக் காணாத தம்பியை நினைத்து முழுநிலா இரவில் எழுதிய கவிதையைக் கேட்டதும் அது நீங்கியது. நிலவு எப்போது தோன்றியது என்று கிண்ணத்தை உயர்த்தி வானத்தைக் கேட்கும் தொடக்க வரியை அவர் சற்றும் உரக்கப் பாடுவதில்லை. ஆயிரம் காதம் பிரிந்திருந்தாலும் ஒரே நிலவைப் பகிர்வோம் என்று முடியும் இடத்திலும் அழுகையைக் கூட்டுவதில்லை. சொல்லை முடித்து, மூச்சை மட்டும் சிறிது நீட்டுகிறார்.

ஆஸ்துமா நோயால் 1995 மே 8 அன்று தாய்லாந்தின் சியாங் மாயில் அவர் இறந்தபோது வயது 42. சவப்பெட்டியின் மேல் தைவானின் கொடி போர்த்தப்பட்டது. அந்த ஆண்டே, பெய்ஜிங்கில் பிறந்து, 1985இல் பதின்வயதிலேயே தெரசாவின் பாடல்களைப் பாடி ஒலிநாடா வெளியிட்ட ஃபே வாங், அவருடைய பாடல்கள் அடங்கிய முழுத் தொகுப்பொன்றைக் கொண்டுவந்தார். சீரழிவு இசை என்ற அந்தப் பழைய வசவையே அதன் தலைப்பாகவும் வைத்தார்.