இருட்டில் முதலில் ஷட்டர்

மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுப்பது என் தொழில். அங்கே வெளிச்சம் போதவில்லை என்று யாரிடமும் முறையிட முடியாது. ஃபிளாஷ் போட்டால் ஆடுகிறவர் கண் கூசும், மேடை விளக்கின் நிறமும் செத்துப்போகும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பயம் ஐ.எஸ்.ஓ. மேல்தான், அதாவது கேமரா ஒளியை உணரும் அளவின் மேல். 1600-ஐத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று அதைக் கீழேயே பிடித்து வைத்துக்கொண்டு, ஷட்டர் வேகத்தை 1/30 விநாடிக்கு இறக்குவார்கள். பாடுகிறவர் முகம் ஒருவேளை தெளிவாக விழும். தாளம் போடுகிற கை புகையாகிவிடும்.

நான் ஷட்டரில்தான் தொடங்குவேன். பேசுகிறவர் என்றால் 1/125, ஆடுகிறவர் என்றால் 1/500. அப்புறம் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறப்பது. லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்; எஃப் 3.5-லிருந்து 1.8-க்கு வந்தாலே ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். மிச்சத்தை ஐ.எஸ்.ஓ. பார்த்துக்கொள்ளட்டும், 6400 போனாலும் சரி. ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்திருந்தால் புள்ளிகளைப் பின்னால் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம். அசைவால் வந்த மங்கல் அப்படிப் போகாது. லென்ஸில் ஆட்டத் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்துக்குத்தான். எதிரே ஆடுகிறவரை அது நிறுத்தாது.

ஆனால் ஆடுகிறவரும் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதில்லை. குதித்தவர் உச்சிக்குப் போய், இறங்கும் முன் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பார். சுழன்று வந்தவர் தாளம் முடிகிற இடத்தில் முகத்தைத் திருப்பி நிறுத்துவார். பேச்சாளர் வாக்கியத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்குவார். அந்த இடங்களில் 1/125-ஏ பெரும்பாலும் போதும். ஒத்திகையைப் பார்க்க விட்டால் நான் கேமராவை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விலை கூடிய லென்ஸை விட எனக்கு இதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

எல்.இ.டி. விளக்குகள் தனித் தலைவலி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டர் வேகம் ஏறினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். அங்கே 1/100-க்கு இறங்கி, அசையாத கணங்களை மட்டும் எடுப்பேன். துடிப்பைப் பார்த்து ஷட்டரை இயக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு வேகத்தில் துடிக்கிற மேடையில் அதுவும் கைவிரித்துவிடும்.