லாந்தருக்குள் ஒட்டிய தாள்

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் இளையோர் நாடகக் குழு இதுவரை மேடையேற்றிய 23 நாடகங்களுக்கும் ஒரு பதிவேடு எழுதப் போகிறோம். வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். 12 வயதில் இந்தக் குழுவில் சேர்ந்தவள் நான்; இப்போது சின்னவர்களுக்கு ஒத்திகை நடத்துகிறேன்.

இன்று இரண்டு தகரப் பெட்டிகளைத் திறந்தேன். மேலே கிரீடங்கள், ஒட்டுத்தாடி, படகோட்டி நாடகத்துக்கு அட்டையில் செய்த லாந்தர். அடியில் அழைப்பிதழ்கள், புகைப்படங்கள், மூன்று வீடியோ கேசட்டுகள், ஒரு கட்டு பிராம்ப்டிங் பிரதிகள். தாடியில் இன்னும் பசை வாசம்.

மார்ச் 3, திங்கள்

ராத்திரி முழுக்க படகோட்டி நாடகத்தின் பிராம்ப்டிங் பிரதியைப் படித்தேன். நாடகப் பிரதி வேறு, இது வேறு. விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர் கையில் இருந்த பிரதி இது. ஓரமெல்லாம் பென்சில். 'இங்கே அவசரப்படாதே, யோசிக்கிறார்.' 'விளக்கு 14: அவள் திரும்பிய பிறகு, முன்னால் அல்ல.' நாடகாசிரியர் எழுதிய மௌனம் எது, நடிகர் வசனத்தை மறந்து நின்ற மௌனம் எது என்று இதைப் பார்த்தால்தான் தெரியும். பிராம்ப்டருக்கு அது தெரியாவிட்டால் நல்ல இடத்தில் குரல் கொடுத்துக் காட்சியைக் கெடுத்துவிடுவார்.

ஒரு பக்கத்தில் அடித்தல் திருத்தல் ஏழு முறை. எந்தப் புகைப்படமும் இவ்வளவு சொல்லாது.

மார்ச் 5, புதன்

கேசட்டுகள். ஒன்றில் நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை. அதை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். தனியாக எடுத்து வைத்துவிட்டேன். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் போகட்டும். புகைப்படங்களின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், மறுபக்கம் தடம் விழுகிறது. மென்மையான பென்சில் போதும்.

மார்ச் 8, சனி

இந்த வேலை எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்கள் நடித்த கம்பெனி. பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகரான டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. அந்தச் சபையின் ஒத்திகை எப்படி நடந்தது, பிள்ளைகள் எப்படிப் பாடம் படித்தார்கள் என்று இன்றைக்கு நாம் பேச முடிகிறதென்றால், முக்கியக் காரணம் சண்முகமே பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்று உட்கார்ந்து எழுதியதுதான். அப்படி எழுதாமல் போன கம்பெனிப் பிள்ளைகள் எத்தனை பேர்! திரை இழுத்தவன், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் பாட்டு எடுத்துக் கொடுத்தவன்... யாருக்குத் தெரியும் அவர்களை?

நாடகம் முடிந்த ராத்திரியே பாதி கரைந்துவிடுகிறது. மீதியையாவது யாரோ ஒருவர் எழுதி வைக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு சிக்கல். அழைப்பிதழில் படகோட்டியாக ஒரு பையன் பெயர் இருக்கிறது. புகைப்படத்தில் படகோட்டி வேறு ஆள். சட்டை முழங்கால் வரை தொங்குகிறது, கைப்பகுதியை நாலு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறார்கள். முதலில் படம் வேறு நாடகத்தினுடையதோ என்று நினைத்தேன். இல்லை, அதே லாந்தர்தான். பிரதியில் 'வலது' என்று குறித்த இடத்தில் படகு நிற்கிறது. (மேடையின் வலது என்பது நடிகருக்கு வலது, படத்தில் நமக்கு இடது பக்கம் தெரியும். பதிவேடு எழுதுகிறவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுவார்கள்.)

அழைப்பிதழ் பத்து நாள் முன்னாலேயே அச்சுக்குப் போய்விடும். அதற்கப்புறம் நடந்தது அதில் இருக்காது. வருகைப் பதிவு நோட்டைத் தேடினேன். இரண்டாம் நாள் அந்தப் பையனுக்கு நேராக 'காய்ச்சல்'. அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

யார் என்று தெரிந்துவிட்டது! பிராம்ப்டிங் செய்த பெண். என்னைவிட நாலு வயது சின்னவள். எண் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"ஆமா அக்கா, நான்தான். ஒத்திகை முழுக்க விங்கில உட்கார்ந்து உட்கார்ந்து எல்லார் வசனமும் எனக்கு மனப்பாடம். சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னாங்க, ஏழு மணிக்கு மேடை."

"பயமா இல்லையா?"

"லாந்தருக்குள்ள பாருங்க" என்றாள்.

பெட்டியிலிருந்து எடுத்து, செல்லோபேன் தாளை விலக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்பக்க அட்டையில் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள், ஓரங்களில் பசை பழுப்பேறிக் கிடக்கிறது. கடைசிக் காட்சியின் வசனம் முழுவதும், பெரிய பெரிய எழுத்தில். சில வரிகள் கோணலாக இறங்குகின்றன.

"அது அவன் எழுதினது. காய்ச்சலோட படுத்துக்கிட்டே எழுதி அனுப்பியிருந்தான். எனக்கு வசனம் தெரியும் அக்கா, பார்க்கத் தேவையே படல. ஆனா ஒவ்வொரு தடவை லாந்தரைத் தூக்கும்போதும் அவன் கையெழுத்து கண்ணுல பட்டுது. அது போதுமா இருந்துச்சு."

என்னால் சட்டென்று பதில் பேச முடியவில்லை.

மார்ச் 15, சனி

பதிவேட்டின் வடிவத்தை மாற்றிவிட்டேன். நாடகத்துக்கு ஒரு பட்டியல் என்பது போதாது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பட்டியல். விளக்கு, திரை, ஒப்பனை, பிராம்ப்டிங் எல்லாருக்கும் நடிகர்களுடைய அதே அளவு எழுத்தில் பெயர். படங்களை வெளியிடும் முன் அதில் இருப்பவர்களிடம் கேட்டுவிடுகிறேன். அப்போது குழந்தைகளாக இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

படகோட்டி: முதல் நாள் அவன், இரண்டாம் நாள் அவள். இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். தாளைப் பிரித்தெடுத்து உறையில் போடலாமா என்று கேட்டதற்கு இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பதில் சொன்னார்கள்: லாந்தரிலேயே இருக்கட்டும். படம் மட்டும் எடுத்துக்கொண்டு, செல்லோபேனை மறுபடி மூடி வைத்தேன்.