ஓ.எல். எழுதிய பிள்ளையோடு ஒரு மணித்தியாலம்

யாழ்ப்பாணத்தில் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளையிடம் "என்னவா வரப்போறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். டொக்டர், எஞ்சினியர், தெரியாது. இந்த மூன்றில் ஒன்றுதான் விடையாக வரும். இப்போது நாலாவதாக "வெளியில போறன்" என்பதும் சேர்ந்திருக்கிறது. பிள்ளையில் பிழை இல்லை, கேள்விதான் பிழை. பதினைந்து வயதில் கண்ணால் கண்ட தொழிலின் பெயரைத்தான் சொல்ல முடியும். ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிற பிள்ளை எத்தனை தொழிலைக் கண்டிருக்கும்?

வேறு கேள்வியோடு தொடங்குங்கள்: "வீட்டில எது பழுதானால், எது விளங்காவிட்டால் உன்னைக் கூப்பிடுவினம்?" தண்ணி மோட்டரா, அப்பம்மாவின் குளிசைகளைப் பிரித்து வைப்பதா, தம்பியின் கணக்கா, கலியாண வீட்டுச் செலவுக் கணக்கா? பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லும். அதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முதல் நிரலில் செய்யப் பிடித்தது, இரண்டாவதில் அதையே சம்பளத்துக்குச் செய்கிறவர்கள், மூன்றாவதில் அங்கே போகிற இரண்டு வழிகள். இரண்டு என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு வழி மட்டும் எழுதிய பிள்ளைக்கு அது அடைபட்டால் எல்லாமே முடிந்த மாதிரித் தோன்றும்.

இரண்டாவது நிரலில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். "ஆஸ்பத்திரி வேலை" என்று எழுதுகிற பிள்ளை டொக்டரையும் நேர்ஸையும் தவிர வேறு யாரையும் அறிந்திராது. இரத்தம் சோதிக்கிற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர், எக்ஸ்ரே எடுப்பவர், இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) எல்லோரும் அதே கட்டடத்துக்குள்தான் இருக்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்திலேயே தாதியம், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றுக்குப் பட்டப்படிப்புகள் உண்டு. கைதடியில் சித்த மருத்துவமும் இருக்கிறது. "வெளியில போறன்" என்கிற பிள்ளையிடம் "போய் என்ன வேலை செய்வாய்?" என்று கேளுங்கள். நாட்டின் பெயரை இரண்டாவது நிரலில் எழுத விடாதீர்கள்.

இப்படி எழுதிய தொழிலில் உள்ள ஒருவரையாவது நேரில் பார்த்து, நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து வேலை முடியும்வரை என்ன செய்தார், எது சலிப்பு, திரும்பத் தொடங்கினால் எந்த வழியால் வருவார் என்று பிள்ளையே கேட்க வேண்டும். இருபது நிமிடம் போதும். பெற்றார் கூடப்போனாலும் வாய் திறக்கக் கூடாது.

அடுத்தது உயர்தரப் (ஏ.எல்.) பாடத்தெரிவு. அதிகம் பிழைக்கிற இடம் இதுதான், பிழைத்தபின் திருத்துவதும் கடினம். பயோ எடுக்கும் பிள்ளை பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். எடுத்த அன்றே மருத்துவபீடக் கதவு மூடிவிடும், ஏனென்றால் அதற்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டுவிட்டுத் தகவல் தொழில்நுட்பம் எடுத்தால் கணினி சார்ந்த கற்கைநெறிகளுக்கு வழி உண்டு, பொறியியல் பீடத்துக்கு இல்லை. 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவிலும் இதே குழப்பம் இருக்கிறது. பொறியியல் தொழில்நுட்பம் படித்தால் பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகலாம். நல்ல பட்டம்தான், ஆனால் அது பொறியியல் பட்டம் அல்ல. இந்த வித்தியாசத்தைச் சேரும்போதே சொல்லாமல் விட்டுவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டில் சொல்வது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

"மூன்று ஏ" என்பதும் "இசட் இரண்டு" என்பதும் இலக்குகள் அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி என்பது பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து வருவது. மூன்று பாடங்களுக்கும் வந்ததைச் சராசரி எடுப்பார்கள். மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. பிள்ளையின் கையில் இல்லாத ஒன்றை இலக்காக வைத்தால் பயம்தான் மிஞ்சும். வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட்) பார்ப்பதென்றால் யாழ். மாவட்டத்துக்குரியதைப் பாருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஒரு வருடத்தை மட்டும் பார்த்து நம்பாமல் மூன்று வருடம் எடுத்து, அவற்றில் கூடியதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.எல். பாடங்களோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி எடுக்காவிட்டால் நல்ல இசட் இருந்தும் பல்கலைக்கழக அனுமதி இல்லை என்பதையும் கொப்பியில் எழுதிவையுங்கள். "அது சும்மா பேப்பர்" என்று விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பிள்ளையின் கையில் இருப்பது கிழமைக்கணக்கு. பௌதிகவியல் பல்தேர்வு வினாத்தாளில் 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஆகவே இலக்கை "இந்தக் கிழமை பௌதிகம் படிப்பன்" என்று எழுதாமல், "செவ்வாயும் வெள்ளியும் 25 கேள்வி, 60 நிமிடம், மணிக்கூடு வைத்து" என்று எழுதச் சொல்லுங்கள். ரியூசன், பாடசாலை எல்லாம் போக மிஞ்சுகிற நேரத்தை முதலில் உண்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு அது மிகக் கொஞ்சம். அப்படியென்றால் ஒரு ரியூசனை நிற்பாட்டுவது பற்றித்தான் பேச வேண்டும், நித்திரையைக் குறைப்பது பற்றி அல்ல.

திருத்தும்போது பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. தெரியாது என்றால் "தெ", தெரிந்தும் கவனம் பிசகியது என்றால் "க", நேரம் போதவில்லை என்றால் "நே". மூன்றுக்கும் மருந்து வேறு. "தெ" கூடினால் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். "க" கூடினால் கேள்வியில் கேட்டதன் கீழே கோடு போட்டு வாசிக்கப் பழக வேண்டும். "நே" கூடினால் கடினமான கேள்வியைத் தாண்டிப்போகப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் "இன்னும் படி" என்று சொல்கிற வீட்டில் "க" பிள்ளைக்கு ஒன்றும் மாறாது.

ஓ.எல். சரிவராத பிள்ளையைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பிரிவில் சேரலாம். தேசிய தொழிற்தகைமை நாலாம் மட்டத்தோடு வெளியே வரலாம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டங்கள், ஏழாவது பட்ட மட்டம். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே போகிற பிள்ளையின் கொப்பியிலும் அதே மூன்று நிரல்களும் வேண்டும்.

கடைசியாக ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஏ.எல். முதல் தரம் சரிவராவிட்டால் செக்கன்ட் ஷை (இரண்டாந்தரம்) எடுப்பதா, என்ன வந்தால் எடுப்பதில்லை, அந்த வருடத்தில் பக்கத்தில் வேறென்ன படிப்பது என்பதைப் பரீட்சைக்கு முந்தியே, பெறுபேற்றின் சூடு இல்லாத நேரத்தில், பிள்ளையும் பெற்றாரும் சேர்ந்து அதில் எழுதி, திகதி போட வேண்டும். பெறுபேறு வந்த இரவில் எடுக்கிற முடிவை மாமாவும் பக்கத்து வீடும்தான் எடுப்பார்கள்.