மெத்தட் பெயரைத் தாண்டிப் படிக்க வேண்டியவை

ஜாவாவில் புரோகிராம் எழுதும் அலுவலகங்களில் ஒரு லைப்ரரி கிளாஸைப் பழகிக்கொள்ளும் வழக்கமான முறை இது: ஐடிஇ-யில் (கோட் எழுதும் மென்பொருளில்) ஆப்ஜெக்டின் பெயரை அடித்துப் புள்ளி வைக்கிறோம், மெத்தட் பட்டியல் (அது செய்யக்கூடிய வேலைகளின் பெயர்கள்) விழுகிறது, நம் தேவைக்குப் பொருந்துவது போலத் தெரியும் பெயரை எடுத்துக்கொள்கிறோம். கம்பைல் ஆகிறது, டெஸ்ட்டும் ஓடுகிறது. இப்படியே வெகுநாள் ஓட்டிவிடலாம். பிறகு ஒரு நாள் புரொடக்‌ஷனில் தேதி தவறாக அச்சாகிறது, அல்லது ஃபைலின் பாதி மட்டும் வந்து சேர்கிறது. விசாரித்துப் போனால், காரணம் அந்தக் கிளாஸின் ரெஃபரன்ஸ் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் யாரும் நின்று படிக்காத ஒரு பத்தியில் இருக்கும்.

அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதை யாரும் முறையாகச் சொல்லித்தருவதில்லை. ஜாவாவின் ஏபிஐ ஆவணத்தை, அதாவது அதன் கிளாஸ்களையும் மெத்தட்களையும் விளக்கும் பக்கங்களை, வைத்தே பேசலாம். அது சோர்ஸ் கோடிலுள்ள கமென்ட்களிலிருந்து ஜாவாடாக் என்ற கருவி உருவாக்குவது. ஸ்பிரிங், அப்பாச்சி காமன்ஸ் போன்ற பிற லைப்ரரிகளும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே ஓரிடத்தில் பழகிய கண் எல்லா இடத்திலும் உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் மேலே உள்ள பதிப்பு எண். தேடுபொறியில் கிளாஸ் பெயரை அடித்தால் ஜாவா 8 பக்கம் வந்து நிற்பது சாதாரணம். நம் புராஜெக்ட் 17-இலோ 21-இலோ இருக்கும். எதிர்மாறாகவும் நடக்கும். புதிய பக்கத்தைப் பார்த்து ஒரு மெத்தடை எடுப்போம், சர்வரில் பழைய ஜாவா இருக்கும். மெத்தட் விளக்கத்தில் ‘சின்ஸ்’ என்றொரு வரி, எந்தப் பதிப்பில் அது சேர்ந்தது என்று சொல்கிறது. லிஸ்ட்டின் ‘ஆஃப்’ ஜாவா 9-இல் வந்தது, ஸ்ட்ரிங்கின் ‘ஈஸ்பிளாங்க்’ 11-இல், ஸ்ட்ரீமின் ‘டூலிஸ்ட்’ 16-இல். ஜேடிகே (கம்பைலரோடு வரும் ஜாவா தொகுப்பு) 21-ஐ வைத்து, ‘சோர்ஸ்’, ‘டார்கெட்’ இரண்டுக்கும் 11 என்று மட்டும் கொடுத்துக் கம்பைல் செய்தால் ‘டூலிஸ்ட்’ பிழையின்றிக் கடந்துபோகும். ஜாவா 11 சர்வரில் ஓடும்போதுதான் அந்த மெத்தடே இல்லை என்று விழும். கம்பைலருக்கு ‘ரிலீஸ்’ என்ற ஆப்ஷனில் 11 கொடுத்தால், கம்பைல் செய்யும்போதே தடுத்துவிடும்.

அடுத்தது, மெத்தட் பட்டியலுக்கு மேலே உள்ள கிளாஸ் விளக்கம். எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான். ஒரு மெத்தடுக்கு மட்டுமன்றி கிளாஸ் முழுமைக்கும் பொருந்தும் விஷயங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கும்: வரிசை காக்கப்படுமா, நல் (மதிப்பு எதுவும் இல்லாத நிலை) ஏற்குமா, பல த்ரெட்கள் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே சமயத்தில் தொடலாமா, ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் ஆகும். சாவி, மதிப்பு என்று இணைகளாகச் சேமிக்கும் ஹாஷ்மேப்பின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போட்டவை எந்த வரிசையில் வெளியே வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்றும், இன்று வந்த வரிசை நாளையும் மாறாமல் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்றும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் பத்துப் பதினைந்து சாவிகளோடு ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை வரும். அதை நம்பி டெஸ்ட் எழுதிவிடுகிறார்கள். ‘செட்’ இன்டர்ஃபேஸின் ‘ஆஃப்’ மெத்தடைச் செய்தவர்கள் இந்தப் பழக்கத்தை முளையிலேயே கிள்ளினார்கள்: அதன் வரிசை ஜேவிஎம்மை (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருளை) மறுபடி தொடங்கும்போது மாறக்கூடும் என்பதை உள்ளே வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு என்றே சொல்வேன். தராத உத்தரவாதத்தை யாரும் தற்செயலாகக்கூட நம்பிவிட முடியாது.

அதே ஹாஷ்மேப் பக்கத்தில் எண்களும் உண்டு. தொடக்கக் கொள்ளளவு 16, லோடு ஃபேக்டர், அதாவது எவ்வளவு நிரம்பினால் விரிய வேண்டும் என்ற விகிதம், 0.75. உள்ளீடுகள் இவ்விரண்டின் பெருக்குத்தொகையைத் தாண்டினால் மேப் தன்னை விரித்து அடுக்கிக்கொள்ளும். இதைப் படித்தவருக்கு, ஆயிரம் உள்ளீடுகளுக்காக கன்ஸ்ட்ரக்டரில் 1000 என்று கொடுப்பது போதாது என்று உடனே விளங்கும். 1000 × 0.75 = 750தான். உள்ளே அது 1024-ஆக உயர்த்தப்பட்டாலும் 768-ஐத் தாண்டும்போது விரிவாக்கம் நடக்கும். கேட்க வேண்டிய கொள்ளளவு 1334. ஜாவா 19 முதல் இந்தக் கணக்கைத் தானே போட்டுத்தரும் ‘நியூஹாஷ்மேப்’ மெத்தட் உண்டு. கொள்ளளவை மிகப் பெரிதாகக் கொடுத்தாலும் தொல்லைதான். முழு மேப்பையும் சுற்றிவர ஆகும் நேரம், உள்ளீடுகளின் எண்ணிக்கையோடு கொள்ளளவையும் பொறுத்தது என்று அதே பக்கம் சொல்கிறது.

கிளாஸ் விளக்கத்தைத் தாண்டிப் போவதால் வரும் சேதத்துக்கு மிகத் தெளிவான உதாரணம், தேதியை எழுத்தாக்கித் தரும் சிம்பிள்டேட்ஃபார்மட். அதன் விளக்கம் நீளமானது. நடுவில் பேட்டர்ன் எழுத்துகளின் அட்டவணை இருக்கிறது. கேபிடல் எம் மாதம், ஸ்மால் எம் நிமிடம். கேபிடல் ஹெச் 0 முதல் 23 வரையான மணி, ஸ்மால் ஹெச் 1 முதல் 12 வரை. ஸ்மால் டி மாதத்தின் நாள், கேபிடல் டி ஆண்டின் நாள். ஸ்மால் ஒய் ஆண்டு. கேபிடல் ஒய் வார ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருகிறதோ அந்த ஆண்டு. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. ஆண்டின் பெரும்பகுதியில் இரண்டும் ஒரே எண்ணைத் தரும். 2024 டிசம்பர் 30-ஐ நான்கு கேபிடல் ஒய் வைத்து அச்சிட்டால் 2025 என்று வரும், ஏனென்றால் அந்த வாரம் 2025-இன் முதல் வாரம். ஏப்ரலில் எழுதி மே மாதம் டெஸ்ட் செய்த கோட், ஆண்டின் கடைசி நாள்களில் தவறான ஆண்டோடு ரசீது போடும். ஜனவரியில் தானாகச் சரியாகிவிடுவதால் பலர் அதைத் துரத்திப் பிடிப்பதுமில்லை.

அந்த விளக்கத்தின் அடியில் ‘சிங்க்ரனைசேஷன்’ என்று ஒரு சிறு தலைப்பு. த்ரெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆப்ஜெக்ட் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரே ஆப்ஜெக்டை ‘ஸ்டாட்டிக்’ ஆக வைத்து வெப் சர்வரின் எல்லா த்ரெட்களும் பகிர்ந்தால், ஒருவரின் தேதி இன்னொருவரின் பதிலுக்குள் போய்விடும். எழுதியவர் தன் கணினியில் தனி ஆளாகச் சோதித்தபோது இது தெரியவே தெரியாது. கூட்டம் ஏறும்போதுதான் வெளிப்படும். ஜாவா 8-இல் வந்த டேட்டைம்ஃபார்மட்டர் பக்கத்தில் அதே இடத்தைத் தேடினால், மாறாதது, பல த்ரெட்கள் பகிரலாம் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். எந்த ஆப்ஜெக்டையும் ‘ஸ்டாட்டிக்’ ஆக்கும் முன் அதன் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பகிரக் கூடாது என்றே கொள்ளுங்கள்.

இனி மெத்தட் பட்டியல். அதன் கீழே, மேல் கிளாஸ்களிலிருந்து வந்தவை வெறும் பெயர்களாக நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். அதில் ஒரு பெயரைக் கட்டாயம் தேட வேண்டும்: ‘ஈக்வல்ஸ்’. அது கிளாஸின் சொந்தப் பட்டியலில் இருந்தால் மதிப்பை வைத்து ஒப்பிடும் வாய்ப்பு உண்டு, விளக்கத்தைப் படிக்கலாம். ‘ஆப்ஜெக்ட்’ கிளாஸிலிருந்து வந்தவற்றில் இருந்தால், இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டுமே பார்க்கும். ஸ்ட்ரிங்பில்டர் இந்த வகை. ஒரே எழுத்துகள் கொண்ட இரண்டு ஸ்ட்ரிங்பில்டர்கள் சமமில்லை, அவற்றை மேப்பின் சாவியாக வைத்தால் தேடும்போது கிடைக்காது. சொந்தமாக ‘ஈக்வல்ஸ்’ இருந்தாலும் அது எதைச் சமம் என்கிறது என்று படித்தாக வேண்டும். பிக்டெசிமலில் 2.0-உம் 2.00-உம் சமமில்லை, ஏனென்றால் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்க எண்ணிக்கையையும் அது ஒப்பிடுகிறது. ‘கம்பேர்டூ’ இரண்டையும் சமமாகக் கருதும். விளைவு: இரண்டையும் ‘ஈக்வல்ஸ்’ பார்க்கும் ஹாஷ்செட்டில் போட்டால் இரண்டு, ‘கம்பேர்டூ’ பார்க்கும் ட்ரீசெட்டில் போட்டால் ஒன்று. பணத்தொகைகளை ‘ஈக்வல்ஸ்’ வைத்து ஒப்பிடும் கோட் எங்கேயாவது இருந்தால் இன்றே தேடிப் பிடிப்பது நல்லது.

ஒரே பெயரில் பல மெத்தட்கள் அடுத்தடுத்து நின்றால் பாராமீட்டரின் வகையைக் கவனியுங்கள். இன்டிஜர் லிஸ்ட்டில் ‘ரிமூவ்’-க்கு 1 என்று கொடுத்தால், 1 என்ற மதிப்பு போகாது. 1-ஆம் இடத்தில் (0-இலிருந்து எண்ணுவதால் இரண்டாவதாக) இருப்பது போகும்.

ஒரு மெத்தடின் முழு விளக்கத்தில் பலரும் பாராமீட்டர்களோடு நின்றுவிடுகிறார்கள். என் கணக்கில் ‘ரிட்டர்ன்ஸ்’ (திருப்பித் தருவது), ‘த்ரோஸ்’ (எறியும் எக்ஸ்செப்ஷன்கள், அதாவது பிழை அறிவிப்புகள்) என்ற இரண்டு பகுதிகளும் அதைவிட முக்கியம். இன்புட்ஸ்ட்ரீமின் ‘ரீட்’ மெத்தடுக்கு 8192 பைட் பஃபர் கொடுத்தால் 8192 பைட்டும் நிரம்பும் என்று அது சொல்வதில்லை. உண்மையில் எத்தனை பைட் படித்தது என்பதைத் திருப்பித் தருகிறது, முடிவு வந்திருந்தால் -1. லோக்கல் ஃபைலில் பெரும்பாலும் பஃபர் முழுதும் நிரம்பிவிடும். நெட்வொர்க்கில் பாக்கெட் வந்த அளவுக்குத்தான் கிடைக்கும். திருப்பித் தந்த எண்ணைப் பார்க்காமல் முழு பஃபரையும் எழுதினால், முந்தைய சுற்றின் மிச்சம் ஃபைலுக்குள் நுழையும். முழு அளவும் வந்தே தீர வேண்டும் என்றால் ‘ரீட்என்பைட்ஸ்’ இருக்கிறது. ஸ்ட்ரீம் முடிந்துவிட்டால் ஒழிய அது குறைத்துத் தராது.

‘ஃபைல்’ கிளாஸின் ‘டிலீட்’ தோற்றால் எக்ஸ்செப்ஷன் எறிவதில்லை, ‘ஃபால்ஸ்’ தருகிறது. அந்த மதிப்பை வாங்காமல் விட்டால் அழிக்காத ஃபைல்கள் டிஸ்க்கில் குவியும். காரணத்தோடு எக்ஸ்செப்ஷன் வேண்டுமென்றால் ‘ஃபைல்ஸ்’ கிளாஸைப் பாருங்கள் என்று அந்தப் பக்கமே வழிகாட்டுகிறது. மேப்பின் ‘கெட்’ நல் தந்தால், சாவி இல்லாமலும் இருக்கலாம், சாவி இருந்து அதன் மதிப்பே நல்லாகவும் இருக்கலாம். ஸ்ட்ரிங்கின் ‘ஸ்ப்ளிட்’ கடைசியில் வரும் காலி ஸ்ட்ரிங்குகளை விட்டுவிடும்: ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டோடு பின்னால் இரண்டு காலிப் பத்திகள் கொண்ட கமா வரியை வெட்டினால் நீளம் 4 வராது, 2 வரும். கடைசிப் பத்திகள் காலியான முதல் வரியில் புரோகிராம் விழும். இரண்டாவது பாராமீட்டராக -1 கொடுத்தால் நான்கும் கிடைக்கும்.

சில சொற்களைக் கண்டால் நிதானிக்க வேண்டும். ‘வியூ’ என்று இருந்தால் நகல் கிடையாது, மூலத்தைப் பார்க்கும் ஜன்னல்தான். கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் ‘அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’ தருவது அதுவே. அதன் வழியாக மாற்ற முடியாது, ஆனால் மூல லிஸ்ட்டை வேறொருவர் மாற்றினால் இதிலும் தெரியும். உறைந்த நகல் வேண்டுமென்றால் லிஸ்ட்டின் ‘காப்பிஆஃப்’, ஆனால் அது நல்லை ஏற்காது. ‘ஆப்ஷனல் ஆப்பரேஷன்’ என்று இருந்தால் அந்த மெத்தட் இன்டர்ஃபேஸில் பெயரளவில் இருக்கிறது, செய்வதும் மறுப்பதும் கிளாஸின் விருப்பம். ‘அர்ரேஸ்’ கிளாஸின் ‘ஆஸ்லிஸ்ட்’ தரும் லிஸ்ட்டில் ‘செட்’ வேலை செய்யும், கீழேயுள்ள அர்ரேயையும் மாற்றும்; ‘ஆட்’ செய்தால் எக்ஸ்செப்ஷன்.

ஜேடிகே 8 முதல் மெத்தட் விளக்கத்தில் மூன்று குறிப்புகள் தனியாக வருகின்றன. ‘ஏபிஐ நோட்’ பயன்படுத்துவோருக்கான அறிவுரை. ‘இம்ப்ளிமென்டேஷன் ரிக்வயர்மென்ட்ஸ்’ அந்த இடத்திலுள்ள மெத்தட் எப்படி நடக்க வேண்டும் என்பது. கிளாஸை நீட்டி எழுதுவோர் கட்டாயம் படிக்க வேண்டும். ‘இம்ப்ளிமென்டேஷன் நோட்’ இந்த ஜேடிகே இப்போது எப்படிச் செய்கிறது என்ற தகவல் மட்டுமே, அடுத்த பதிப்பில் மாறலாம். கடந்துபோகும் உறுப்புகளை நடுவில் எட்டிப்பார்க்க உதவும், ஸ்ட்ரீமின் ‘பீக்’ மெத்தடின் ஏபிஐ நோட், அது முக்கியமாக டீபக்குக்காக இருப்பது என்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் ‘பீக்’ உள்ளே வேலையைச் செய்துவிட்டு ‘கவுன்ட்’டில் முடிக்கும் கோட் ஜாவா 8-இல் ஓடியது. ஜாவா 9 முதல், லிஸ்ட்டிலிருந்து வரும் ஸ்ட்ரீமில் எண்ணிக்கை முன்பே தெரியும் என்றால் ‘கவுன்ட்’ உறுப்புகளைத் தொடுவதே இல்லை, ‘பீக்’ ஓடுவதும் இல்லை. பிழைச் செய்தியும் வராது.

‘த்ரோஸ்’ பகுதியில் நல்பாயின்டர் எக்ஸ்செப்ஷன் இல்லை என்பதால் நல் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த விதியைப் பேக்கேஜ் பக்கத்தில் ஒரே முறை எழுதிவிட்டு ஒவ்வொரு மெத்தடிலும் விட்டுவிடுவார்கள். தேதி, நேரத்துக்கான ‘ஜாவா டைம்’ பேக்கேஜ் அப்படித்தான். ஸ்ட்ரீம் பேக்கேஜின் பக்கமும் முழுதாக ஒருமுறை படிக்கத் தக்கது. ஸ்ட்ரீம் எப்போது ஓடத் தொடங்கும், ஓடும்போது மூலத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அங்கேதான்.

படித்த பிறகு சந்தேகம் மிஞ்சினால், ஜாவா வரிகளை உடனுக்குடன் ஓட்டிக்காட்டும் ஜேஷெல் திறந்து இரண்டு வரி அடித்துப் பார்க்கலாம். ஜாவா 9 முதல் ஜேடிகேயோடு வருகிறது. நல், காலி ஸ்ட்ரிங், காலி லிஸ்ட், ஒரே உறுப்பு, கடைசி எல்லை ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். சோர்ஸ் கோடையும் திறக்கலாம். ஆனால் இவை இரண்டும் சொல்வது இந்தப் பதிப்பில் இப்போது நடப்பதை மட்டுமே. ஆவணம் சொல்லாத ஒரு நடத்தையை நம்பியே தீர வேண்டும் என்று வந்தால், அந்த நடத்தையை மட்டும் சோதிக்கும் சிறிய டெஸ்ட் ஒன்றை எழுதி, எந்த ஜேடிகே பதிப்பில் பார்த்தது என்பதை அதன் கமென்ட்டில் குறித்து வையுங்கள். ஜேடிகேயை உயர்த்தும் நாளில் எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.