எட்டு வருஷ முதுகுவலியும் ஒரு பாட்டில் சிறுநீரும்

முதுகுவலி தொடங்கியபோது எனக்கு 38 வயது. டிஸ்க் தேய்மானம் என்றார்கள். பெல்ட், பிசியோ, தைலம் எல்லாம் ஆயிற்று. அப்புறம் முழங்கால்களும் பிடித்துக்கொண்டன. முதுகெலும்பு இறுகும் வாதமோ என்று எச்எல்ஏ-பி27 என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், நெகட்டிவ். இப்படியே 8 வருஷம்.

கடைசியாகப் பார்த்த மூட்டுவாத மருத்துவர் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். டிஸ்க் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு படிந்திருந்தது. பிறகு என் கண்ணைப் பார்த்தார். வெள்ளை விழியில் பழுப்புத் திட்டு. "சிறுநீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, மூடாமல் வைத்துப் பாருங்க" என்றார். மறுநாள் காலை அது டிகாக்‌ஷன் நிறம். சாயங்காலம் கன்னங்கறுப்பு.

அம்மாவிடம் காட்டினேன். அசரவே இல்லை. "உன் தூளித்துணியே அப்படித்தான்டா கறுக்கும். சோப்புப் போட்டா இன்னும் மோசம்." இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு யார் பார்க்கப்போகிறார்கள், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. வேலைக்குச் சேரும்போது பெனடிக்ட் கரைசலில் சோதித்துச் சிறுநீரில் சர்க்கரை என்றார்கள். ரத்தத்தில் இல்லை என்றதும் விட்டுவிட்டார்கள். அந்தச் 'சர்க்கரை'யும் சிறுநீரைக் கறுக்கவைத்த அதே பொருளின் வேலைதான்.

நோயின் பெயர் அல்காப்டோனூரியா. புரதத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் வழியில் ஒரு நொதி வேலை செய்யாததால் ஹோமோஜென்டிசிக் அமிலம் தேங்குகிறது. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், அதைக் கறுக்கவைப்பதும் இதுதான். மிச்சம் குருத்தெலும்பில் படிந்து அதைக் கறுப்பாக்கி, நொறுங்கவைக்கும். இந்நோய் உள்ளவர்களின் பெற்றோர் பலர் உறவுக்குள் மணந்தவர்கள் என்று 1902இலேயே லண்டன் மருத்துவர் காரோட் எழுதிவிட்டார். என் அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன்.

சிறுநீரில் அந்த அமிலத்தை அளந்து உறுதிசெய்தார்கள். நிடிசினோன் மாத்திரை பற்றிப் பேச்சு வந்தது. ஐரோப்பாவில் 2020இல் இந்நோய்க்கு அனுமதித்தார்கள். அமிலம் குறையும், ஆனால் டைரோசின் ஏறும். புரதத்தைக் குறைக்க வேண்டும், கண்ணைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ந்த மூட்டு திரும்பி வராது. அதனால் முதலில் வலது முழங்கால் மாற்று அறுவை. வெட்டியெடுத்த எலும்பைப் படத்தில் காட்டினார்கள். மேலே இருந்த குருத்தெலும்பு அடுப்புக்கரி மாதிரி.

கூடப்பிறந்தவர்களுக்கும் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றதும் தங்கை பயந்துபோய், அன்றைக்கே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவினாள். மூன்று நாள் திறந்துவைத்தும் அவளுடையது மஞ்சளாகவே இருந்தது.