பேய்த்தலை மங்கும் நேரம்

நவம்பர் 6

அதிகாலை 2.11-க்கு அல்கோல் விண்மீன் மிக மங்கலாக இருக்கும் என்று கணக்கு. அலாரம் வைத்து எழுந்தால் வானம் முழுக்க மேகம். எங்கள் வானியல் கழகத்தில் இன்னும் மூன்று பேர் இதே போல எழுந்து ஏமாந்திருக்கிறார்கள். போகட்டும், 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குகிற விண்மீன்தானே. எட்டாம் தேதி இரவு 11-க்குப் பிடித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 8

வானம் பளிச். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், கண் போதும். வழக்கமாக 2.1 ஒளித்தரம் (எண் கூடக் கூட ஒளி குறைவு), மங்கும்போது 3.4-க்கு இறங்கிவிடும். அதாவது, ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இறங்கி ஏற ஏறத்தாழ பத்து மணி நேரம். சுற்றியிருக்கும் விண்மீன்களோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும்: எப்சிலான் பெர்சி 2.9, ஆல்பா டிரையாங்குலி 3.4. ரோ பெர்சி மிகப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அதன் ஒளியும் நிலையாக இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர் அரை மணி நேரம் அதோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

நவம்பர் 9

நேற்றைய எண்களை வரைபடமாகப் போட்டேன். வெட்கமாகிவிட்டது. 10.15-க்கே 3.4 என்று எழுதி, 11.45 வரை அதையே எழுதியிருக்கிறேன். 11 மணி என்று மனதுக்குத் தெரியும், கண்ணும் அதற்கு ஒத்து ஊதிவிட்டது. தாமதமாக வந்த தோழி நேரமே கேட்கவில்லை. அவர் 10.15-க்குப் போட்ட எண் 3.1. அவருடைய புள்ளிகள் அழகான பள்ளமாக விழுந்திருக்கின்றன.

நவம்பர் 11

அடுத்தது மாலை 7.49 என்று எனக்கே தெரியும். அதனால் கைக்கடிகாரத்தையும் போனையும் தோழியிடம் கொடுத்துவிட்டேன். அவர் தோன்றியபோதெல்லாம் "இப்போது" என்பார், நான் எண் சொல்வேன். அல்கோல் இன்னும் தாழ்வாகத்தான் இருந்தது. அடிவானத்தை நெருங்க நெருங்கக் காற்றே ஒளியைக் குறைத்துவிடும் என்பதால், ஏறக்குறைய அதே உயரத்தில் நின்றவற்றோடு மட்டும் ஒப்பிட்டேன். அப்புறம் பார்த்தால், என் பள்ளத்தின் அடி 7.35-இல். 14 நிமிடப் பிழை. வெறுங்கண்ணுக்கு இது மோசமில்லை.

நவம்பர் 12

1782-இல் இதே நாள் இரவு, ஆங்கிலேய வானியலாளர் ஜான் குட்ரிக் அல்கோலின் ஒளி மாறியிருப்பதைக் கண்டு திகைத்தார். வயது 18, காது கேளாதவர். அரேபியர் 'பேயின் தலை' என்று பெயர் வைத்த விண்மீன் அது. அதன் ஒளி மாறும் என்று அவருக்கு முன்பும் சிலர் எழுதியிருந்தார்கள், ஆனால் மாற்றத்துக்குக் கால ஒழுங்கு உண்டென்று கண்டவர் இவர்தான். ஒரு பெரிய பொருள் சுற்றிவந்து மறைக்கிறதோ என்று 1783-இல் எழுதினார், லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் கிடைத்தது. 1889-இல் ஜெர்மானிய வானியலாளர் வோகல், விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையைக் கொண்டு அந்த ஊகம் சரி என்று காட்டியபோது, குட்ரிக் இறந்து நூறாண்டு தாண்டியிருந்தது. 21 வயதில் போய்விட்டார். எனக்குப் பொறாமையெல்லாம் அந்த முதல் இரவின் மேல்தான். எத்தனை மணிக்கு மங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த மங்கல் 14-ஆம் தேதி மாலை 4.38, வெளிச்சத்தில் வீண். இருட்டியதும் ஏறுமுகத்தை மட்டும் பார்க்கலாம். போனைத் தோழியிடமே கொடுத்துவைக்க வேண்டும்.